லேப்டாப் ரேம் மேல் உள்ள லேபிளைப் பிரிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி பழைய பேட்டைப் பக்கம் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ரேம் கூட்ட வருகிறவர்களில் பலர், புது ஸ்டிக் கைக்கு வந்ததும் முதல் வேலையாக லேபிளின் மூலையில் நகத்தை வைத்துவிடுகிறார்கள். "அண்ணா, இதைப் பிரிச்சிட்டா சூடு குறையுமாமே, வீடியோவுல சொன்னாங்க" என்பார்கள். புது எவர்சில்வர் குடத்தின் ஸ்டிக்கரை அடுப்பில் காட்டி உரித்துப் பழகியவர்கள் நாம். ஒட்டியிருக்கிற எதையும் பார்த்தால் கை சும்மா இருக்காது. கடையில் நின்றபடி அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன்.

ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். பிரிக்கலாமா, கூடாதா?

வேண்டாம். பிரிப்பதால் வரும் லாபம் அளந்தாலும் பிடிபடாத அளவு. நஷ்டமோ வாரண்டி, அடையாளம், சில நேரம் ஸ்டிக்கே. விதிவிலக்காக இரண்டு மூன்று சந்தர்ப்பங்கள் உண்டு, கீழே வரும்.

லேபிள் போர்வை மாதிரி மூடியிருக்கிறதே, சூடு உள்ளேயே தங்கிவிடாதா?

அப்படி நினைப்பதில் தப்பில்லை. நானும் சில வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் வேறு மாதிரி வந்தது.

லேப்டாப் ரேம் ஸ்டிக் சுமார் ஏழு சென்டிமீட்டர் நீளம், மூன்று சென்டிமீட்டர் உயரம். டிடிஆர்3, 4, 5 என்பவை ரேமின் தலைமுறைகள். எட்டு சிப் உள்ள டிடிஆர்4 ஸ்டிக் மும்முரமாக வேலை செய்யும்போதும் மொத்தம் இரண்டு மூன்று வாட்தான் இழுக்கும். ஒரு சிப்புக்கு 0.3 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே போர்டில் பக்கத்தில் இருக்கிற பிராசஸர் 15 வாட், 45 வாட் என்று எரிந்துகொண்டிருக்கிறது.

இந்த 0.3 வாட் சூடு எந்த வழியாக வெளியேறுகிறது? பெரும்பங்கு கீழ்வழியாக. சிப்பின் வயிற்றுக்கு அடியில் சால்டர் உருண்டைகள் வரிசையாக இருக்கின்றன. சாதாரண டிடிஆர்4 சிப் ஒன்றில் 78. சூடு அவை வழியாகச் செம்புத் தடங்கள் ஓடுகிற போர்டுக்குள் இறங்கி, பரவி, கரைகிறது. மேல்வழியாகப் போவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் லேபிள் குறுக்கே நிற்கிறது.

சரி, அந்த மேல்வழியை மட்டும் பார்ப்போம். சிப்பின் முகம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. லேபிள் பசையோடு சேர்த்து 0.1 மில்லிமீட்டர் தடிமன் என்று வைப்போம். காகிதமோ பிளாஸ்டிக் படலமோ, வெப்பத்தைக் கடத்துவதில் மோசம்தான். ஆனால் அவ்வளவு மெல்லிசாக இருப்பதால், ஒரு வாட் சூடு அதைக் கடக்க ஐந்தாறு டிகிரி வித்தியாசம் போதும். அதற்கு மேலே அசையாமல் நிற்கிற காற்றுக்குள் அதே ஒரு வாட் இறங்க வேண்டுமானால் ஆயிரம் டிகிரி வரை தேவைப்படும். அதாவது காற்றின் தடை லேபிளின் தடையைப் போல ஏறக்குறைய இருநூறு மடங்கு. சிப் சுற்றியுள்ள காற்றைவிட 40 டிகிரி கூடுதலாகச் சூடேறியிருந்தாலும், மேல்வழியாகக் கிளம்புவது சுமார் 0.04 வாட். அதன் பாதையில் லேபிள் சேர்க்கிற சூடு கால் டிகிரிக்கு மேல் வராது.

நம்ம ஊர் டோல்கேட்டில் ஒரு கிலோமீட்டருக்கு லாரி வரிசை நிற்கிறது. வரிசைக்கு நடுவில் உள்ள ஒரு வேகத்தடையைப் பெயர்த்து எடுத்துவிட்டால் பெங்களூருக்குச் சீக்கிரம் போய்விடுவோமா? அந்தக் கதைதான்.

லேபிள் சிப்புகளுக்கு நடுவில் உள்ள இடுக்கையும் மூடிவிடுகிறதே, காற்று எப்படிப் போகும் என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. பெரிய சர்வர்களில், ஃபேன் நேராக ஸ்டிக்குகளுக்கு நடுவில் காற்றைத் தள்ளும் இடத்தில், இதைப் பற்றி யோசிக்கலாம். லேப்டாப்பில் ரேம் படுத்திருப்பது அடிமூடிக்கும் போர்டுக்கும் நடுவில் உள்ள சந்தில். அங்கே காற்று ஓடுவதே அபூர்வம்.

இன்னொன்று. மெமரிக்குத் தர விதிகள் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் கணக்குப்படி சிப்பின் மேற்பரப்பு 85 டிகிரி வரை போகலாம். அதற்கு மேல் 95 வரை போனால், டிடிஆர்4 சிப்பில் தகவல் அழியாமலிருக்க வழக்கமாக 7.8 மைக்ரோநொடிக்கு ஒருமுறை நடக்கிற புதுப்பிப்பை 3.9 மைக்ரோநொடிக்கு ஒருமுறை நடத்த வேண்டும், அவ்வளவுதான். தொட்டால் கை சுடுகிறது என்பது 50, 55 டிகிரியிலேயே தெரிந்துவிடும். கை சுடுவதும் சிப் கஷ்டப்படுவதும் ஒன்றில்லை.

அப்படியானால் என் லேப்டாப் ஏன் இப்படிக் கொதிக்கிறது?

தூசி. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம்மிடம் வருவது சாதாரணத் தெருத்தூசி மட்டுமில்லை, கிரானைட் தூளும்.

போன கோடையில் கிரானைட் பாலிஷ் போடும் பட்டறை ஒன்றின் கணக்கர் தன் லேப்டாப்பைக் கொண்டு வந்தார். பத்து நிமிடத்தில் அணைந்துவிடுகிறது என்றார். ரேம் லேபிளை ஏற்கெனவே தானே உரித்துவிட்டிருந்தார். பசை முழுசாகப் போகவில்லை. அந்தப் பிசுபிசுப்பில் சாம்பல் நிறத் தூள் விபூதி மாதிரி அப்பிக்கிடந்தது. ஃபேனைக் கழற்றி, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் தகடுகளைப் பார்த்தேன். கல்தூளும் நூலும் தலைமுடியும் சேர்ந்து ஒரு கம்பளித் திரையே உருவாகியிருந்தது. இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் கிழியாமல் முழுசாக வந்தது, இரண்டு தீப்பெட்டி நீளத்துக்கு. அவரே தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். பிராசஸரின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. துடைத்துப் புதிதாகத் தடவி மூடினேன். அதன்பிறகு அணையவில்லை. ரேமை நான் தொடவே இல்லை, பசையைத் துடைத்ததைத் தவிர.

ஆகவே வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் ஃபேனும் ஹீட்சிங்கும், அடுத்து தெர்மல் பேஸ்ட், அப்புறம் மெத்தை மேல் வைத்து வேலை செய்கிற பழக்கம். ரேம் லேபிள் இந்தப் பட்டியலில் இல்லை.

லேபிளில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது?

அந்த ஸ்டிக்கின் ஜாதகம். உதாரணத்துக்கு ஒரு லேபிளில் இப்படி இருக்கும்: 8 ஜிபி, 1ஆர்எக்ஸ்8, பிசி4-2666வி-எஸ்ஏ1-11. முதலில் கொள்ளளவு. 1ஆர் என்றால் சிப்புகள் ஒரே அணியாக இருக்கின்றன. எக்ஸ்8 என்றால் ஒவ்வொரு சிப்பும் ஒரே நேரத்தில் எட்டு பிட் தருகிறது. பிசி4 என்பது டிடிஆர்4. 2666 வேகம். அதை ஒட்டி வரும் வி என்ற எழுத்து தாமத அளவைக் குறிக்கிறது. எஸ் என்பது லேப்டாப்புக்கான சின்ன ஸ்டிக், அடுத்தது போர்டின் வடிவமைப்பு. இது போக நிறுவனத்தின் பாகக் குறியீடு, வரிசை எண், தயாரான ஆண்டும் வாரமும். 2135 என்றிருந்தால் 2021-ம் ஆண்டின் 35-வது வாரம்.

இதில் ஒரே ஒரு எழுத்து எவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். பழைய டிடிஆர்3 லேப்டாப்புகளில் பிசி3 என்றும் பிசி3எல் என்றும் இரண்டு வகை உண்டு. முன்னது 1.5 வோல்ட், எல் உள்ளது 1.35 வோல்ட். இரண்டுக்கும் 204 பின், ஒரே வெட்டு, ஒரே ஸ்லாட்டில் அழகாக உட்காரும். ஆனால் இன்டெல் நான்காம் தலைமுறை முதல் வந்த லேப்டாப்புகள் 1.35 வோல்ட்தான் கேட்கும். போச்சம்பள்ளியிலிருந்து அண்ணனும் தங்கையும் வந்தார்கள். தங்கை பர்கூரில் பொறியியல் படிக்கிறாள். உள்ளே இருந்த ஸ்டிக்கில் லேபிள் இல்லை, யாரோ எப்போதோ உரித்திருக்கிறார்கள். அண்ணன் "டிடிஆர்3, 4 ஜிபி" என்று மட்டும் கேட்டு எங்கேயோ வாங்கிப் போட்டிருக்கிறார். திரை கறுப்பாகவே நின்றுவிட்டது, லேப்டாப் செத்துவிட்டது என்று பயந்துபோய் வந்தார்கள். எல் உள்ள ஸ்டிக்கை மாட்டியதும் எழுந்துவிட்டது. பழைய ஸ்டிக்கில் லேபிள் இருந்திருந்தால் அதைப் போனில் படம் எடுத்துக் காட்டியே சரியானதை வாங்கியிருப்பார்கள். இரண்டு பேருந்துக் கட்டணம் மிச்சம்.

அதெல்லாம் மென்பொருளிலேயே தெரியுமே?

பெரும்பாலும் தெரியும். ஒவ்வொரு ஸ்டிக்கிலும் எஸ்பிடி என்று ஒரு குட்டி நினைவகம் இருக்கிறது. டிடிஆர்3-ல் 256 பைட், டிடிஆர்4-ல் 512, டிடிஆர்5-ல் 1024. வேகம், கொள்ளளவு, பாகக் குறியீடு, வரிசை எண் எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். லேப்டாப் எழும்போது முதலில் ஓடும் பயாஸ் மென்பொருள் படிப்பது அதைத்தான், லேபிளை இல்லை. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கமே வேகத்தையும் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்பதையும் காட்டும். சிபியு-இசட் மென்பொருளைப் போட்டால் இன்னும் விவரமாக வரும்.

ஆனால் இரண்டு சிக்கல். ஒன்று, மென்பொருள் பார்க்க ஸ்டிக் உயிரோடு இருக்க வேண்டும். செத்த ஸ்டிக்கைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் பெரும்பாலும் விவரம் தேவைப்படும். இரண்டு, எஸ்பிடியைத் திருத்தி எழுத முடியும். போலி செய்கிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். லேபிளும் எஸ்பிடியும் ஒத்துப்போனால்தான் நம்பிக்கை.

பிரித்தால் வாரண்டி போய்விடுமா?

ரேம் நிறுவனங்கள் பொதுவாக நீண்ட வாரண்டி தருகின்றன, சில ஸ்டிக்குகளுக்கு ஆயுள் முழுக்க என்றே போட்டிருக்கும். ஆனால் வாரண்டித் தாளின் சின்ன எழுத்தில், வரிசை எண் உள்ள லேபிள் நீக்கப்பட்டாலோ சிதைக்கப்பட்டாலோ செல்லாது என்கிற மாதிரி ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். வாங்கும்போதே படித்துவிடுங்கள்.

என் கடையில் நடந்தது ஒன்று. வாடிக்கையாளர் ஒருவர் லேபிளை மிகப் பத்திரமாகப் பிரித்து, தன் டைரியின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார். இரண்டாவது வருடம் ஸ்டிக் கெட்டுப்போனது. டைரியையும் எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனோம். கவுன்டரில் இருந்தவர் டைரியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், அப்ப டைரிக்குத்தான் வாரண்டி" என்றார். சிரிப்பாக இருந்தது, கோபமும் வந்தது. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்த லேபிள் அந்த ஸ்டிக்குடையது என்பதற்கு என்ன சாட்சி?

லேபிள் ஒழுங்காக இருந்தும், பில் இருந்தும் மாற்றித் தர மறுத்தால் அது வேறு விஷயம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. பெங்களூரில் வாங்கிய பொருளுக்காகப் பெங்களூருக்கு அலைய வேண்டாம். வாங்கும்போது ஜிஎஸ்டி பில்லில் ஸ்டிக்கின் வரிசை எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

கடைக்காரர் ஒட்டியிருக்கும் குட்டி ஸ்டிக்கரை எடுக்கலாமா?

அதையும் விட்டுவிடுங்கள். பெங்களூர் எஸ்பி ரோட்டிலிருந்தோ சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ வருகிற சரக்கில் மொத்த வியாபாரி தன் பெயரும் மாதமும் போட்டு நகக்கண் அளவு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார். நான் வாடிக்கையாளருக்கு மாற்றித் தந்தாலும், எனக்கு அவர் மாற்றித் தருவது அதைப் பார்த்துத்தான்.

போலியா என்று பார்க்க லேபிளைத் தூக்கிப் பார்க்கலாமா?

2025 கடைசியில் ரேம் விலை எகிறியதிலிருந்து பழைய ஸ்டிக் வாங்குகிறவர்கள் கூடிவிட்டார்கள், இந்தக் கேள்வியும் கூடிவிட்டது. லேபிளைத் தூக்காமலே பார்க்க நிறைய இருக்கிறது.

முதலில் சிப்பை எண்ணுங்கள். பெரும்பாலும் பெரிய லேபிள் ஒரு பக்கத்தில்தான் ஒட்டியிருக்கும். மறுபக்கம் சிப் இருந்தால் அதன் முதுகில் எழுத்து தெரியும். உலகத்தின் மெமரி சிப்புகளில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள். லேபிளில் எந்தப் பிராண்டின் பெயர் இருந்தாலும் அடியில் இருப்பது அநேகமாக இந்த மூவரில் ஒருவருடைய சரக்கு. அதனால் வேறு பெயர் தெரிந்தால் பதற வேண்டாம். சிப்பின் குறியீட்டை அந்த நிறுவனத்தின் தளத்தில் தேடினால் ஒரு சிப்பின் கொள்ளளவு கிடைக்கும். 8 கிகாபிட் சிப் எட்டு இருந்தால் 64 கிகாபிட், அதாவது 8 ஜிபி. எட்டு சிப்பும் 4 கிகாபிட்தான் என்று வந்து, லேபிள் மட்டும் 8 ஜிபி என்றால் எழுந்து நடையைக் கட்டுங்கள்.

தேதியையும் பாருங்கள். சிப்பில் பெரும்பாலும் ஆண்டு, வாரம் இருக்கும். முதலில் சிப், அப்புறம்தான் ஸ்டிக். லேபிளின் தேதி சிப்பின் தேதிக்கு முன்னால் இருந்தால் அது பிறக்கும் முன்னே பேர் வைத்த பிள்ளை. சிப் எழுத்துகள் சுரண்டி மழுங்கடிக்கப்பட்டிருந்தாலும் வாங்காதீர்கள். கடைசியாக லேப்டாப்பில் மாட்டி, மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் போட்டு இரண்டு சுற்றாவது ஓடவிடுங்கள். விற்பவர் அவ்வளவு நேரம் காத்திருக்க மறுத்தால் அதுவே பாதிப் பதில்.

லேபிளை உரித்துப் பார்ப்பது என்றால், விற்பவரின் ஸ்டிக்கை அவர் அனுமதி இல்லாமல் உரித்த பிறகு நீங்கள் வாங்கியே ஆக வேண்டும். நினைவிருக்கட்டும்.

அப்படியானால் எப்போதுதான் பிரிக்கலாம்?

லேபிள் பாதி உரிந்து, சுருண்டு, ஸ்லாட்டுக்குள் போகிற தங்கப் பட்டைகள் மேல் விழுகிற நிலையில் இருந்தால். சூட்டிலும் வருடக் கணக்கிலும் பழைய பசை விட்டுப்போவது உண்டு. அதிலும் முதலில் மறுபடி அழுத்தி ஒட்டப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் தொங்குகிற பகுதியை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டினால் போதும், வரிசை எண் இருக்கும் பகுதியை விட்டுவிட்டு.

மேலே தண்ணீரோ டீயோ கொட்டி லேபிளுக்கு அடியில் ஈரம் புகுந்திருந்தால் பிரித்தே ஆக வேண்டும். ஈரம் அங்கே தங்கினால் செம்புத் தடத்தில் பச்சை பூக்கும்.

வாரண்டி முடிந்து, சிப் ஆராய்ச்சி செய்கிற ஆசையில் பிரிக்கிறீர்களா? உங்கள் பொருள், உங்கள் விருப்பம்.

பிரித்தே ஆக வேண்டும் என்றால் எப்படி?

பிளேடை எடுக்காதீர்கள். கடை தொடங்கிய புதிதில் நான் எடுத்தேன். அரை பிளேடை லேபிளுக்கு அடியில் நுழைத்துத் தள்ளினேன், சுலபமாகப் போனது. ஒரு இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு தடை, லேசாக அழுத்தினேன், அதுவும் போய்விட்டது. லேபிளைத் திருப்பிப் பார்த்தால் பசையில், மின்சாரத்தைச் சீராக வைக்கும் ஒரு கபாசிட்டர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கேழ்வரகு மணியைவிடச் சின்னது. சிப்புகளைச் சுற்றி இந்த மாதிரி வரிசையாக நிற்கும். அதைத் திரும்ப வைத்துச் சால்டர் செய்ய அன்று என்னிடம் மைக்ரோஸ்கோப் இல்லை. வாடிக்கையாளருக்குப் புது ஸ்டிக் வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பழையது இன்னும் மேசை டிராயரில் கிடக்கிறது.

இப்போது நான் செய்வது இது. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பையும் கழற்றிவிட்டுத்தான் ஸ்டிக்கை எடுப்பேன். இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுப்பேன். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து அரை நிமிடம். பசை இளகினால் போதும். கடைகளில் இருக்கிற ஹாட் ஏர் கன்னைக் காட்டக் கூடாது. ஈயம் கலக்காத சால்டர் 217 டிகிரியில் உருகத் தொடங்கும், கன் அதைச் சாதாரணமாகத் தாண்டும். பிறகு ஒரு மூலையை நகத்தாலோ பழைய சிம் கார்டாலோ கிளப்பி, மேலே தூக்காமல், சிப்புக்குப் படுக்கையாக மெதுவாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் காகிதம் கிழிவது மட்டுமில்லை, நிலைமின்சாரமும் உண்டாகும். டேப் உரிக்கும்போது மயிர் சிலிர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம்ம ஊரில் மாசி முதல் சித்திரை வரை காற்று காய்ந்து கிடக்கும், அப்போது இது இன்னும் மோசம். பாலியஸ்டர் சட்டை, பிளாஸ்டிக் நாற்காலி இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வேலைக்கு முன் ஏதாவது பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு உட்காருங்கள். கையில் கட்டும் ஸ்ட்ராப் இருந்தால் இன்னும் நல்லது.

மிச்சப் பசைக்கு 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால். பஞ்சில் நனைத்து ஒத்தி, துடைத்து, பத்து நிமிடம் காயவிட வேண்டும். வீட்டில் பாத்திரத்துக்குப் போடுகிற தேங்காய் எண்ணெய் இங்கே வேண்டாம், எண்ணெய் படலம் ஸ்லாட்டுக்குள் போய் தூசியைக் கூப்பிடும். சானிடைசரிலும் தண்ணீரும் கிளிசரினும் கலந்திருக்கும். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள்.

ஏற்கெனவே பிரித்துவிட்டேன். ஸ்டிக் கெட்டுப்போகுமா?

போகாது. லேபிள் இல்லாமல் வருடக் கணக்கில் ஓடும். பசை மிச்சம் இருந்தால் மட்டும் துடைத்துவிடுங்கள். சிபியு-இசட்டில் தெரிகிற பாகக் குறியீட்டையும் வேகத்தையும் ஒரு தாளில் குறித்து பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய லேபிளைத் திரும்ப ஃபெவிகாலால் ஒட்டுகிறேன் என்று கிளம்ப வேண்டாம், அப்படியும் ஒருவர் வந்தார்.

டிடிஆர்5 ஸ்டிக் அதிகம் சூடாகுமாமே, அதற்காவது பிரிக்கலாமா?

டிடிஆர்5-ல் ஒரு மாற்றம் உண்மை. முன்பு மதர்போர்டில் இருந்த மின்சாரம் சீர்செய்யும் வேலை இப்போது ஸ்டிக் மேலேயே உள்ள பிஎம்ஐசி என்ற சிப்புக்கு வந்துவிட்டது. அதுவும் கொஞ்சம் சூடு தரும். மின்னழுத்தமோ 1.2 வோல்ட்டிலிருந்து 1.1-ஆகக் குறைந்திருக்கிறது. ஒரு வசதியும் உண்டு: டிடிஆர்5 ஸ்டிக்கில் வெப்ப உணரி உள்ளேயே இருக்கிறது, எச்டபிள்யூஇன்ஃபோ மாதிரி மென்பொருளில் டிகிரியைப் பார்க்கலாம். ஊகிக்க வேண்டாம், பாருங்கள். 85-ஐ நெருங்குகிறது என்றால் ஃபேன் பக்கம் போங்கள்.

சில லேப்டாப்புகளில் ரேம் மேல் தெர்மல் பேடும் தகட்டு மூடியும் வைத்தே வரும். அந்தப் பேட் லேபிள் மேலேயே உட்காரும்படிதான் கம்பெனி அளந்திருக்கிறது. லேபிளை எடுத்தால் ஒன்றும் கூடிவிடாது. பேடை எடுத்துவிட்டு மூடினால்தான் தப்பு.

செம்புத் தகடு வாங்கி ஒட்டலாமா?

லேப்டாப்பில் இடம் இல்லை. இரண்டு ஸ்லாட் அடுக்காக இருக்கும் மாடலில் மேல் ஸ்டிக்குக்கும் கீழ் ஸ்டிக்குக்கும் நடுவில் தகடு நுழைந்தால் ஏதாவது ஒரு கபாசிட்டரைத் தொட்டு ஷார்ட் ஆகும். அந்தக் காசுக்கு தெர்மல் பேஸ்ட் வாங்குங்கள்.

எஸ்எஸ்டி மேல் உள்ள லேபிளும் இதே மாதிரிதானா?

எஸ்எஸ்டி என்பது கோப்புகளைச் சேமித்து வைக்கும் பாகம். அங்கே இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் சில எஸ்எஸ்டிகளில் லேபிளே சூடு கடத்தும் வேலை பார்க்கிறது. சாம்சங் 2016-ல் கொண்டு வந்த 960 ப்ரோவில் லேபிளுக்குள் மெல்லிய செம்புப் படலம் வைத்திருந்தார்கள். காகிதம் என்று நினைத்து உரித்தால் ஹீட்சிங்கை உரித்த மாதிரி. வேகமான வகையான என்விஎம்இ எஸ்எஸ்டியில், தகவல் போக்குவரத்தை நடத்தும் கன்ட்ரோலர் சிப் ரேம் சிப்பைவிட நிஜமாகவே நன்றாகச் சூடாகும். அதற்கு மேல் பேட் வைப்பதானால் லேபிள் மேலேயே வையுங்கள்.

மேக்புக்கில் லேபிளே இல்லையே?

2012-ல் ரெடினா மேக்புக் ப்ரோ வந்ததிலிருந்து அதில் ரேமைப் போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள். இப்போது பல மெல்லிய விண்டோஸ் லேப்டாப்புகளும் அப்படித்தான். பிரிக்க ஸ்டிக்கரும் இல்லை, கூட்ட ஸ்லாட்டும் இல்லை. வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

தங்கப் பட்டையை ரப்பர் போட்டுத் தேய்ப்பது சரியா?

ஊர் முழுக்க எல்லா சர்வீஸ் கடையிலும் செய்கிறோம், நானும் செய்கிறேன், பெருமையாகச் சொல்ல முடியாது. அந்தத் தங்கப் பூச்சு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. மாதாமாதம் தேய்த்தால் தங்கம் போய் நிக்கல் தெரியும். லேப்டாப் எழவில்லை என்றால் முதலில் ஸ்டிக்கை வெறுமனே கழற்றி மாட்டிப் பாருங்கள், பாதி கேஸ் அதிலேயே முடியும். அதற்கும் சரிவரவில்லை என்றால் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடையுங்கள். கடைசிக்குத்தான் ரப்பர், அதுவும் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் மெத்தென்ற வெள்ளை ரப்பர். மண்ணு ரப்பர் என்று இங்க் அழிக்க ஒன்று இருக்குமே, அது உப்புத்தாள் மாதிரி. தேய்த்த துகளை ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். பிரஷ்ஷால் தட்டுங்கள்.

லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருப்பவற்றை எடுக்கலாமா?

2011-ல் தொடங்கிய அரசு விலையில்லா மடிக்கணினி இன்னும் நிறைய வீடுகளில் ஓடுகிறது, அதை வைத்துத்தான் இதைக் கேட்கிறார்கள். விண்டோஸ் 7 காலத்து லேப்டாப் என்றால் அடியில் இருபத்தைந்து எழுத்துள்ள சாவி அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கலாம். விண்டோஸ் 8 முதல் அந்தச் சாவி பயாஸுக்குள்ளேயே போய்விட்டது, முன்பு அப்படியில்லை. மடியில் வைத்து வைத்து வேர்வையில் அந்த எழுத்து அழிந்துவிடும். இன்றைக்கே போனில் ஒரு படம் எடுத்துவிட்டு, மேலே அகலமான செல்லோ டேப்பை ஒட்டிவிடுங்கள்.